மாமன் இல்லாத நிச்சயம்

"டீச்சர், பொண்ணோட தாய்மாமன் எங்க?" என்று லோஞ்சேசோ எழுந்து கேட்டதும் வகுப்பே சிரித்தது.

பரீட்சைக்கு வரும் நாடகக் காட்சி அது. நாட்டைவிட்டு விரட்டப்பட்ட மந்திரவாதி ஒருவன் தாயில்லாத மகளோடு ஒரு தீவில் ஒண்டிக் கிடக்கிறான். கரையொதுங்கிய இளவரசனுக்கு அவளை நிச்சயம் செய்கிறான். ஆவிகளைத் தேவதைகளாக வரவழைத்து வாழ்த்துப் பாடவைக்கிறான். அது மந்திரவாதியின் வெறும் பெருமையடிப்பு என்று எழுதித்தான் டீச்சர் ஃபலேசி கல்லூரியில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

"மாமன் வராம நிச்சயமா? செல்லாது டீச்சர்."

"அதுக்குத்தான்டா ஆவியக் கூப்பிட்டிருக்காரு," என்றாள் முன்வரிசை எலுபி. "பாவம், அந்த மனுசனுக்கு வேற யாரு இருக்கா?"

ஃபலேசிக்குச் சுருக்கென்றது. அத்தனை வருஷம் புரியாத காட்சி அப்போதுதான் புரிந்தது. சொந்தபந்தம் இல்லாத ஒரு தகப்பன், ஆள் இல்லாத இடங்களை எதைக் கொண்டோ நிரப்பப் பாடுபட்டிருக்கிறான். அதற்குமேல் அவளால் பாடம் நடத்த முடியவில்லை.

சனிக்கிழமை அவளுக்கே நிச்சயம். மாப்பிள்ளை யொஹானே வீட்டார் சேவலோடு வருவார்கள். பெண்ணின் தாய்மாமன் பதிலுக்குப் பெட்டைக்கோழியைக் கொடுத்தால்தான் மலாவியில் அந்த ஏரிக்கரை ஊர்களில் அது நிச்சயம். அம்மா செத்தபோது, பிள்ளை மாமன் வீட்டுக்கே சொந்தம் என்ற வழக்கத்தை மீறி, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பா ஜைலோசி படகேறிவிட்டார். மாமனுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆள்விட்டுக் கெஞ்சியும் வர மறுத்துவிட்டார். அதனால் படகோட்டி சிட்டோலோவை மாமனாக உட்காரவைக்க அப்பா ஏற்பாடு செய்திருந்தார். குட்டு வெளிப்பட்டால் யொஹானே வீட்டார் சேவலைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். கல்யாணமே நின்றாலும் சரி, நீங்கள் இந்தப் பொய்யைச் சுமக்க வேண்டாம், யொஹானேயிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லத்தான் ஃபலேசி வேகவேகமாக வீட்டுக்கு நடந்தாள்.

உள்ளே சிட்டோலோ மாமன் வேஷத்துக்கு ஒத்திகை பார்க்கும் குரல் கேட்டது.

"எந் தங்கச்சி பேரு எசினாத்தி. சரி. அவங்க பெரியவரு துருவித் துருவிக் கேப்பாரேய்யா. தங்கச்சி எப்படி இருப்பான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

அப்பா தணிந்த குரலில் சொன்னார்.

"சிரிச்சா வாயப் பொத்திக்குவா. முன்பல்லு ஒண்ணு கோணல், அதுல வெக்கம். மீன் கழுவுறப்ப பாடுவா. பாதில பாட்டு மறந்துபோவும். வாய்க்கு வந்ததப் போட்டு முடிச்சிருவா. கேட்டா, இதுதான்யா ஒரிஜினல்ம்பா."

சிட்டோலோ சிரித்தான். ஃபலேசி வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்மாவைப் பற்றி அவள் கேட்டபோதெல்லாம் வலையைப் பார்க்கணும் என்று எழுந்து போனவர் அவர். ஒரு போட்டோகூட வீட்டில் கிடையாது. சொல்ல வந்ததைச் சொல்ல உள்ளே போனால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். அவள் கதவோரம் ஒதுங்கி, மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் நின்றாள்.

"நல்ல உசரமோ?"

"உசரமா..."

ஜைலோசி எழுந்தார். கையை நீட்டித் தன் தோளுக்குச் சற்றுக் கீழே, ஒரு தலையைத் தொடுவதுபோல, காற்றில் வைத்தார்.

"இவ்வளவுதான்."

கையை அவர் எடுக்கவில்லை.