எட்டடி தள்ளி ஒரு சவுக்கு வேலி

1

இந்தக் கதையை நான் பார்க்கவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டேன். ஆகையால் இதில் முகங்கள் இல்லை, குரல்கள்தான். வருஷம் 1952, மைசூர், ஒண்டிகொப்பல்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பச்சைப் பசேலென்று சவுக்கு வேலி அசைந்தாட..." [அடித்துவிட்டேன். வேலியை இன்னும் நடவே இல்லை.]

2

பக்கத்து வீட்டுச் செலுவநாராயணன் ரிட்டையரான என்ஜினீயர். (இலாகாவின் பெயர் வேண்டாம்.) எங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டவரே அவர்தான். கார் பாதை ஓரமாக வேலி வைக்க, தாம் வரைந்த பழைய பிளானை விரித்துக் குழிக்குக் கோடு கிழித்தார்.

"சாமி, இங்க வேண்டாமுங்க. அடியில பைப்பு போகுது." தோட்டக்காரர் சித்தையன், கொள்ளேகாலத்துக்காரர்.

"பைப்பு தெருப் பக்கமா எட்டடி தள்ளின்னா போறது? பிளானைப் பாரு."

"பிளான்ல போகுதுங்க. மண்ணுல போகலீங்க. அங்க பாறை வந்துச்சு, திருப்பி இப்படிப் போட்டோம். தோண்டுனதே நானுங்க."

"அப்போ நான் எங்கே இருந்தேன்?"

"சாமி அன்னைக்கு வரலீங்க. சாயங்காலம் ஆபீசுல கையெழுத்துப் போட்டீங்க."

[பிளானைச் சுருட்டும் சத்தம். அதை எழுத எனக்குத் தெரியாது.]

3

சித்தையன் மேல் எனக்குச் சந்தேகம். கூலியாள் இவ்வளவு நேராகப் பேசுவாரா? பணிவாக்கிப் பார்த்தேன்: "சாமி சொன்னா சரிதானுங்க..." அந்த வாக்கியத்திலேயே குழாய் உடைந்துவிட்டது. பழையபடி விட்டேன்.

அடுத்தது என்ஜினீயரின் மனைவி யதுகிரியின் குரல். "ஏன்னா, வீட்டுப் பக்கமா எட்டடி தள்ளி வெச்சாத்தான் என்ன? வேர் தண்ணியைத் தேடிண்டு பைப்புக்குள்ளே போயிடும். பெருமாள் திருமஞ்சனத்துக்கு எங்கே போறது?"

"தள்ளி வெச்சா, பார்க்காம கையெழுத்துப் போட்டேன்னு ஆயிடறதே."

"யாருக்குத் தெரியப்போறது?"

"சித்தையனுக்கு."

"அவனுக்கு இருபது வருஷமாத் தெரியும், போங்கோ."

4

முடிவுகள்:

(அ) பிடிவாதமாக அங்கேயே நடுகிறார். மூன்றாம் வருஷம் வேர் குழாயை அடைக்கிறது. ரிப்பேருக்கு வந்த இலாகா, அவர் பிளானைப் பார்த்து எட்டடி தள்ளித் தோண்டுகிறது. பாறை.

(ஆ) பேனாவை எடுத்துப் பிளானைத் திருத்து... [யாரும் நம்ப மாட்டீர்கள்.]

(இ) இது மட்டும் நிஜமாகக் கேட்டது: "கொடு கடப்பாரையை. குழியை நானே வெட்டறேன்." செருப்புச் சத்தம் நடந்தது. கோட்டுப் பக்கமா, வீட்டுப் பக்கமா என்று மதில் சொல்லவில்லை.

அந்தக் குழாய்தான் எங்கள் வீட்டுக்கும் வருகிறது. தேய்த்த அண்டா, குடம், சொம்பு எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக் குழாயைத் திறந்துவிட்டேன். இவை நிரம்புவதற்குள் முடிவை நீங்கள் சொல்லிவிட்டால் நல்லது.