மீன் வயிற்றில் இருந்த காகிதம்

அக்கா செய்த தாயத்துகளுக்குள் என்ன இருக்கிறது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. கண்ணேறு படாமலிருக்க ஜனங்கள் காலங்காலமாகக் கட்டிக்கொண்ட மீன், கண், சாவி, உள்ளங்கை இவற்றைத்தான் வெள்ளித் தகட்டில் செய்வாள். செய்முறை மட்டும் அவள் கொண்டாடிய ஒரு நகை வடிவமைப்பாளருடையது. அந்த அம்மாள் எதையும் நெருப்பில் பற்றவைத்து ஒட்டுவதில்லை. இரண்டு தகடுகளிலும் உள்ள துளையில் கம்பியை நுழைத்து, இரு முனையையும் சுத்தியால் தட்டிப் பரப்பி மூடிவிடுவார். அப்படி மூடியதை உடைக்காமல் திறக்க முடியாது.

"உள்ளே என்னக்கா?"

"ஒண்ணும் இல்லேன்னா அது தாயத்து இல்லடா, டப்பா."

அவள் வேலை செய்த பின்னறையில் வெளிச்சம் போதாது. கம்பி தட்டும்போது மேசை விளக்கைத் தூக்கிப் பிடிப்பது என் வேலை. மறு கையில் நான் பிழை பார்க்க வேண்டிய அச்சுத்தாள் இருக்கும். வாசிப்பில் ஆழ்ந்தால் விளக்கு சாய்ந்துவிடும்.

"விளக்குக் கம்பமே, தூங்கிட்டியா?"

"கம்பத்துக்குக் கை வலிக்குது."

"வாய் வலிக்கலையே."

கடைசியாக எனக்கு ஒரு சாவி செய்து கழுத்தில் மாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பவில்லை.

அவளுடைய சாமான்களை ஒழுங்கு செய்தபோது அந்த வடிவமைப்பாளரின் பெரிய படப்புத்தகம் கிடைத்தது. ஈரக்கையோடு யாரையும் தொட விடாத புத்தகம். அதில் முன்பக்கத் தாள்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு விரல் அகலத்துக்கு, மேலும் கீழும் ஓரம் மட்டும் விட்டு நீளமாக வெட்டியெடுத்திருந்தது. எலியாக இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தேன். எலி இவ்வளவு நேராகக் கடிக்காது.

எட்டு மாதம் கழித்து ஒரு நர்ஸ் வந்தார். அக்காவிடம் வாங்கிய மீன் தாயத்து, கார் கதவில் அகப்பட்டு வாய் பிளந்திருந்தது.

"அண்ணே, உள்ளே ஏதோ காகிதம் தெரியுது. நான் எடுக்கல. எடுத்தா பலிக்காதோன்னு பயம்."

"நீங்க ஊசி போடுறவங்க. உங்களுக்கே பயமா?"

"ஊசியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்ல."

இடுக்கியால் மெல்ல உருவினேன். பீடி போலச் சுருட்டிய நீளமான கீற்று. வழவழப்பான தாள், பாதி வளையல் படம். எனக்குப் பொறி தட்டியது. புத்தகத்தைக் கொண்டுவந்து ஒவ்வொரு பக்கமாக வைத்துப் பார்த்தோம். முப்பத்தொன்றாம் பக்கத்தில் வளையல் முழுசானது.

"அடேங்கப்பா," என்றார் நர்ஸ். "அப்ப உங்க கழுத்துல இருக்குற சாவிக்குள்ள?"

அக்கா முன்னிருந்து வரிசையாக வெட்டியிருந்தாள். கடைசி வெட்டு நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில். அதன் பிறகு தாள்கள் முழுசாக இருந்தன. அவள் கடைசியாகச் செய்தது என் சாவி. அந்தப் பக்கத்தில் வடிவமைப்பாளரின் வேலை மேசை. இடப்பக்கம் சுத்திகள், வலப்பக்கம் குனிந்த தலை. நடுவே வெற்றிடம். அங்கே என்ன இருந்தது?

"சாவியை உடைச்சுப் பாத்துடலாமா?" என்று கேட்டார். என் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. எனக்கும் ஆசைதான். ஆனால் அவள் தட்டி மூடியதை அவளே வந்து மறுபடி மூடப்போவதில்லை.

"நூலகத்துல இந்தப் புத்தகம் இருக்கும். பாத்துட்டுச் சொல்றேன். மீனை அடுத்த வாரம் வந்து வாங்கிக்கோங்க."

மறுநாளே நூலகத்துக்குப் போனேன். நூற்றுப் பதின்மூன்றைப் புரட்டக் கொஞ்சம் தயங்கினேன். நடுவில், மேலிருந்து இறங்கும் ஒரு கை, மணிக்கட்டு வரைதான். அது ஒரு விளக்கைப் பிடித்திருந்தது. சற்றுச் சாய்வாக. கை யாருடையது என்று படக்குறிப்பில் இல்லை. மூடும் நேரமாகிவிட்டதென்று நூலகர் இரண்டு முறை சொன்ன பிறகே எழுந்தேன்.

அடுத்த வாரம் நர்ஸ் வந்தார். கீற்றைச் சுருட்டி மீன் வயிற்றில் வைத்தேன். கம்பி நுழைத்துப் பழக்கமில்லை. மூன்றாம் தடவைதான் நுழைந்தது.

"விளக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்கம்மா."

பிடித்தார். நூலகத்தில் பார்த்ததைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் கை தாழ்ந்தது.

"அப்ப சாவியைத் திறக்கப்போறதில்லையா?"

"இல்லம்மா. விளக்கு சாயுது பாருங்க."