சாரத்தில் ஏறியவள்

வேம்புவுக்குக் காசி, ராமேசுவரம் என்று எந்த ஆசையும் கிடையாது. கடலுக்குள் ஒரு திட்டில் நிற்கிற மாடி வீட்டின் படிக்கட்டில் கால் வைத்து ஏற வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் மகன் அண்ணாதுரை, அதிராம்பட்டினத்தில் பாய்மரப் படகு பேசி, கரையோரமாகவே அவளைக் கூட்டி வந்திருந்தான்.

வலங்கைமான் பக்கத்துப் பண்ணையார் ஒருவர் காற்று வாங்கக் கட்டிய பழைய பங்களா அது. வேம்பு தாவணி போட்ட காலத்தில் அதன் மாடி ஒழுகியது. புதுத் தளம் போடப் பண்ணையாட்களின் வீட்டுப் பெண்களை லாரியிலும் பிறகு படகிலும் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்; வேம்புவும் அவர்களில் ஒருத்தி. வரிசையாகக் குந்தி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் தட்டித் தட்டியே சுண்ணாம்புத் தளத்தை இறுக்கினார்கள். அவர்கள் மாடிக்கு ஏறி இறங்கியதெல்லாம் வெளியே கட்டிய மூங்கில் சாரத்தில். உள்ளே இருந்த தேக்குப் படிக்கட்டில் அவர்கள் கால் படக் கூடாது. தளம் இறுகியதும் சாரத்தைப் பிரித்துவிட்டார்கள். தன் கையால் போட்ட தளத்துக்குப் போக அவளுக்கு வழி இல்லாமல் போயிற்று.

இப்போது அது புராதன வீடு. டிக்கெட் வாங்கினால் எவரும் ஏறலாம். திறந்த வருஷமே வேம்பு கேட்டாள். அப்போது அவள் களத்து மேட்டுக்கு நடந்தே போய் வருவாள். அண்ணாதுரைக்குப் பூதலூரில் விவசாய ஆபீஸ் வேலை. “மேட்டூர் தொறக்கட்டும்மா” என்றான். திறந்தார்கள். நடவு முடியட்டும் என்றான், அறுப்பு முடியட்டும் என்றான். தண்ணீர் வந்தாலும் சாக்கு, வராவிட்டாலும் சாக்கு. நாளைத் தள்ளிப்போட டெல்டாக்காரனுக்கு ஆறு ஒன்று போதாதா? அவன் ஓய்வு பெறுவதற்குள் அவள் முழங்கால்கள் ஓய்ந்துவிட்டன.

படகுக்காரர் முகம்மது யூசுப் பாயை இறக்கிக் கட்டினார். “நிதானமா பாத்துட்டு வாங்கம்மா. கடக்காத்து எழும்புச்சுன்னா நம்மள அதுவே கரையில சேத்துரும்.”

வேம்பு வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். கைப்பிடியைப் பற்றி ஒரு படி ஏறினாள். மூச்சு வாங்கி இன்னொன்று. அடுத்த படியில் முட்டி பிடித்துக்கொண்டது. காலைத் தூக்கவும் முடியவில்லை, ஊன்றவும் முடியவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் தூக்கிக்கிறேம்மா. யூசுப் பாய் ஒரு பக்கம் புடிச்சுக்குவாரு.”

“வேணாம்ப்பா. தூக்கிட்டுப் போனா அது நான் ஏறுனதா?” என்றாள். கெஞ்சிப் பார்த்தான். அவள் தலையை ஆட்டிவிட்டாள். “நீ போயி வெடிப்பு விட்டுருக்கான்னு பாத்துட்டு வா.”

அண்ணாதுரை மட்டும் மேலே போனான். தளம் கண்ணாடியாக வழவழத்தது, ஒரு கீறல் இல்லை. மண்டியிட்டு உள்ளங்கைகளைப் பதித்தான். குளிர்ந்தது. சிரமமே இல்லாமல் ஏறி வந்த தன் கால்களைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. அழுதான்.

“துரை, கெட்டியா இருக்கா?” கீழேயிருந்து குரல் வந்தது.

“இருக்கும்மா.”

“தட்டு, கேப்போம்.”

முஷ்டியால் தட்டினான். கேட்கவில்லை என்றாள். ஓங்கித் தட்டினான். வலித்தது, மறுபடியும் தட்டினான். கனத்த தேக்கு விட்டமும் செங்கல்லும் தாண்டி அந்தச் சத்தம் அவள் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து, அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

“முட்டி ஆபரேஷன் பண்ணிக்குவோம்மா. தஞ்சாவூர்லயே நல்லா பண்றாங்க. இந்தச் சம்பா முடியட்டும், மறுபடி வருவோம்.”

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. வார்த்தையைத் திரும்ப அள்ளிக்கொள்ள முடியுமா? நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

வேம்பு கோபப்படவில்லை. அவன் தலைமுடியைக் கோதிவிட்டு, “சரிப்பா” என்றாள். பிறகு உட்கார்ந்தபடியே கைகளை ஊன்றி இறங்கத் தொடங்கினாள்.