ஜலஜாவின் தினசரி முன்னேற்றம்

சோம்பேறிகளைக் கண்டால் எனக்கு ஆகாது. பத்து வயது ஜலஜாவையும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் ஏதோ சமாதானம் பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

1912-ல் மஹாதேவன் குடும்பம் வங்காளத்துக் காளிகாட்டில், கோயிலுக்குப் பின்புறச் சந்தில் ஒரு மாடியில் குடியிருந்தது. அவர் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் ஹெட்கிளார்க். நான் அவருக்குக் கீழே குமாஸ்தா. காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை அவருடைய ஒரே பெண்ணுக்குத் தனியாகப் பாடம் சொல்ல என்னை வைத்தார்.

"பூஜா லீவு முடிஞ்சு மூணு மாசம் பார்ப்பேன், வைத்தீஸ்வரன். தேறினா ஸ்கூல்ல சேர்க்கறேன். இல்லேன்னா மாயவரத்துலேர்ந்து ஒரு ஜாதகம் வந்திருக்கு, அதுக்குப் பதில் போட்டுடுவேன். தினம் என்ன நடந்ததுன்னு நோட்டுல எழுதி வையும். நான் சாயங்காலம் வந்து பார்த்துக்கறேன்" என்றார். ஜலஜா பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் மாதம் குழந்தை கற்பூரமாக இருந்தாள். கணக்கு, இங்கிலீஷ், பூகோளம், கையெழுத்து என்று நாலு தலைப்பு போட்டு, நாலுக்கும் கீழே 'நன்று, நன்று' என்று எழுதி எனக்கே அலுத்துப்போயிற்று.

அவள் அம்மா ராஜலக்ஷ்மி என் எதிரே வந்ததே இல்லை. அந்நிய ஆண்பிள்ளையோடு நேரே பேசுகிற வழக்கம் எங்கள் வீடுகளில் கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஜலஜாவை உள்ளே கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொல்லுவாள். ஜலஜா வந்து, "அம்மா காபி வேணுமான்னு கேக்கறா" என்பாள். நானும் அவளிடமே பதில் சொல்லி அனுப்புவேன்.

மார்கழி பிறந்ததும் எல்லாம் தலைகீழாயிற்று. கூட்டல் கணக்கில் ஓரத்து வரிசையை அப்படியே விட்டுவிடுவாள். 'கணக்கு: ஓரத்து வரிசையை விடுகிறாள், கவனமில்லை' என்று எழுதினேன். இங்கிலீஷ் வாசிக்கச் சொன்னால் வரியின் கடைசி வார்த்தையை முழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவுவாள். 'இங்கிலீஷ்: வரிக் கடைசியை முழுங்குகிறாள், அலட்சியம்.' படத்தில் ரங்கூனைக் காட்டு என்றால் விரல் வங்காள விரிகுடாவிலேயே நின்றுகொண்டு தேடும். 'பூகோளம்: படித்ததை மறந்துவிட்டாள்.' கையெழுத்தோ கோட்டை விட்டு மேலும் கீழும் போயிற்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு உனக்கு?" என்று ஒரு நாள் கத்தினேன். ஐயோ, அதே வார்த்தைதான் கேட்டேன்.

"நாளைக்குச் சரியாப் போட்டுடறேன் சார். நோட்டுல மட்டும் எழுதாதீங்கோ" என்று கெஞ்சினாள்.

"பொய் எழுதச் சொல்றியா? போடி!" என்று சொல்லிவிட்டு எழுதினேன். அன்று சாயங்காலம் அவள் அப்பா அதைப் படித்துவிட்டு, ஓரத்தை விடாமல் ஐம்பது கணக்குப் போட்ட பிறகுதான் சாப்பாடு என்றாராம்.

அந்த நாட்களில் ராஜலக்ஷ்மி அவளை அடிக்கடி உள்ளே கூப்பிட்டாள். போனவள் கொஞ்சம் தாமதித்துத்தான் வருவாள். "என்னவாம்?" என்று கேட்டால், "காபி ஆறிடுத்தான்னு கேட்டா" என்பாள். "உங்கம்மாவுக்குப் பாடம் நடக்கறச்சேதான் காபி ஞாபகம் வருமா?" என்று எரிந்து விழுந்தேன்.

தை மாதம் பட்டப்பகலில் ஜலஜா மாடிப்படியில் கால் தவறி உருண்டாள். பக்கத்துச் சுவரே தெரியவில்லை என்றாள். அப்போதுதான் மஹாதேவன் பயந்துபோய் அவளைக் கண்ணாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். நானும் கூடப் போனேன்.

வங்காளி டாக்டர் வெகுநேரம் விளக்கைக் காட்டிப் பார்த்தார். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. ஒரு மாதமாகப் பாடத்தில் கவனமில்லை என்று மட்டும் சொல்லி, கையோடு எடுத்துப்போன நோட்டை இங்கிலீஷில் வாசித்துக் காட்டினேன். அவர் ஒவ்வொரு பக்கமாகக் கேட்டுக்கொண்டார்.

"மொஷாய், இது அலட்சியம் இல்லை. கண்ணுக்குள் நீர் அழுத்துகிறது. பார்வை ஓரத்திலிருந்து போகும். தினம் எவ்வளவு போயிற்று என்று நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள்" என்றார். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் கத்தி வைத்துக் காப்பாற்றியிருக்கலாம், போனது போனதுதான், மிச்சமும் நிற்காது என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் அந்த வீட்டுக்குப் போனேன். மஹாதேவன் வீட்டில் இல்லை. ஜலஜா சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். என் குரல் கேட்டதும் ராஜலக்ஷ்மி நேரே வாசலுக்கே வந்துவிட்டாள். அப்போதுதான் அவள் முகத்தை முதல்முதலாகப் பார்த்தேன்.

"நாலு தடவை சொல்லியனுப்பிச்சேனே!" என்றாள். "படியைத் தடவித் தடவி இறங்கறா, பக்கத்துல வெச்ச தட்டு தெரியலைங்கறா, பாடத்தை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்கோன்னு சொன்னேனே! நான் சொன்னா அவர் நம்பலை. நோட்டுல கவனமில்லைன்னுதானே போட்டிருக்குன்னுட்டார். வாத்தியார் சொன்னா கேப்பார்னுதானே இவகிட்ட சொல்லி அனுப்பிச்சேன்! ஏன் அவர்கிட்ட சொல்லலை?"

அதில் ஒரு வார்த்தைகூட என்னிடம் வரவில்லை. காபி ஒன்றுதான் வந்தது. பாடம் நின்றுபோனால் பள்ளிக்கூடம் போய்விடும், மாயவரம் வந்துவிடும் என்று பயந்து குழந்தை அத்தனையையும் மறைத்திருக்கிறாள்.

ஜலஜா, "அம்மா, அது வந்து... நான்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"வாயை மூடு! பெரியவா பேசறச்சே குறுக்கே என்ன பேச்சு?" என்று அதட்டினேன். சட்டென்று அடங்கிவிட்டாள். நான் அதட்டினால் அடங்கித்தான் அவளுக்குப் பழக்கம்.

"சொன்னா, மாமி. நாலு தடவையும் வந்து சொன்னா. நான்தான் காதுல போட்டுக்கலை" என்றேன்.

"பாவி!" என்றாள். "உமக்கும் ஒரு குழந்தை பிறக்கட்டும். அதுக்கும் இதே கதி வரட்டும்."

நான் படியிறங்கினேன். மேலே ஜலஜா, "அப்படிச் சொல்லாதேம்மா, வேண்டாம்மா" என்று தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். குழந்தை எதற்காக அப்படி அழுகிறாள் என்பது அவள் அம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.