படகில் ரெண்டு பேருக்குத்தான் இடம்

ஓய்வு பெற்றதும் கணவரும் அவளுமாகப் பாய்மரப் படகில் கடலைக் கடப்பது என்றுதான் பேச்சு. அதற்காகவே அவள் விடுமுறை நாட்களில் படகுப் பட்டறைக்குப் போய் எஞ்சினைப் பிரித்து மாட்டப் பழகினாள். நடுக்கடலில் எது உடைந்தாலும் கடைக்கு ஓட முடியாதே.

சாமான் ஏற்றிக்கொண்டிருந்த அன்று கணவர் படகின் அறை வாசலில் வந்து நின்றார்.

"என் ஃபிரண்டு வர்றேங்கிறான். நல்ல பலசாலி. உனக்கு எதுக்கு இந்த அலைச்சல்?"

எஞ்சின் பம்புக்கான உதிரி ரப்பர் சக்கரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அப்ப நான்?"

"படகுல ரெண்டு பேருக்குத்தானே இடம்." போகத் திரும்பியவர் நின்று, "சாமானை மட்டும் நீயே அடுக்கிடு. உன் வேலை சுத்தமா இருக்கும்" என்றார்.

ஆனாலும் அரைகுறையாகச் செய்ய மனம் வரவில்லை. கம்பி வெட்டியைக் கைக்கெட்டும் இடத்தில் கட்டினாள். திருகு, பசை, பிடிப்பான்களைத் தண்ணீர் புகாத டப்பாக்களில் அடைத்தாள். தன் மழைக்கோட்டை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டாள்.

அவர்கள் கிளம்பிப் பல நாள் கழித்து சாட்டிலைட் போனில் கணவரின் அழைப்பு வந்தது. பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் பக்கக் கம்பி ஒன்று அறுந்துவிட்டதாம். பலசாலி வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தாராம்.

"மரம் ஆடுது. விழுந்துடும் போல." அவர் குரல் நடுங்கியது.

"முதல்ல படகைத் திருப்புங்க. அறுந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா காத்து வரட்டும், அப்பதான் இழுவை குறையும். அப்புறம் பெரிய பாயை இறக்குங்க. அதை ஏத்துற கயிறு இருக்குல்ல, அதைக் கம்பி இருந்த இடத்துல கட்டி இறுக்குங்க."

அவர் கட்டி முடிக்கும்வரை அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"மரம் ஆடுறது நின்னுடுச்சு" என்றார். இணைப்பு அறுந்தது.

திரும்பி வந்தபோது துறைமுகத்தில் ஒரே கைதட்டல். யாரோ மைக்கை நீட்ட, "பதறக் கூடாது, அவ்வளவுதான். நாங்க ரெண்டு பேருமா மரத்தைக் காப்பாத்திட்டோம்" என்றார். நண்பர், கூட்டத்தில் நின்ற அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்பாவோட தைரியம் யாருக்கும்மா வரும்?" என்றாள் மகள். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை.

"ஆமா" என்றாள் அம்மா.

மறுநாள் பட்டறைக்காரரிடம் போனாள். "யாராவது கடலுக்குப் போக ஆள் தேடுறாங்களா, அண்ணே?"

அவர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "சின்ன வயசு ஆளுங்களாத்தான் கேக்குறாங்கம்மா. வேணும்னா பாய் தைக்கிற வேலை இருக்கு. முதுகு வலிக்கும்."

"கொடுங்க" என்றாள்.

யாருடைய படகின் பாய் என்று அவள் கேட்கவில்லை. கிழிசலை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஊசியில் நூலைக் கோத்தாள்.