உடையப்பன் திருப்பித் தராத புத்தகங்கள்

ஸ்கூட்டியின் முள் அறுபதைத் தொட்டு நடுங்கியது. மணிமேகலை கையைத் தளர்த்தவில்லை. முன்னால் ஆடி ஆடிப் போன வைக்கோல் லாரியை வலப்பக்கம் ஏறிக் கடந்தாள். டிரைவர் தலையை நீட்டி ஏதோ திட்டினான். திட்டட்டும். மணி பத்து இருபது.

பதினோரு மணிக்கு உடையப்பன் போனை ஆன் செய்வார். அதற்குள் அவர் வீட்டுக்குள் கால் வைத்தாக வேண்டும். இல்லையென்றால் முந்நூற்று நாற்பத்தேழு புத்தகங்களும் ஒரே நிமிஷத்தில் காலி.

திருவரங்குளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் மணிமேகலை. நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் ஆரம்பித்து வைத்தது அந்த மின்நூலகம். ஐந்து வீட்டாருக்கு ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்ட். ஆவூரில் பீட்டர் வாத்தியார், குன்றாண்டார்கோவிலில் நர்ஸ் இலக்கியா, குவைத்தில் டிரைவர் வேலை பார்க்கும் பெரியகருப்பன், திருமயம் பக்கம் உடையப்பன், ஐந்தாவதாக இவள். காசு கொடுத்து வாங்கிய இபுக் போனால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். இந்த முந்நூற்று நாற்பத்தேழு அப்படியில்லை. உரிமைக் காலம் முடிந்து எங்கும் அச்சில் கிடைக்காத பழைய நூல்கள், வீட்டுப் பரணில் கிடந்த கையெழுத்து ஏடுகள். ஐந்து வீட்டாரும் ஸ்கேன் எடுத்து, எழுத்து எழுத்தாகத் தட்டி, தாங்களே செய்த மின்நூல்கள். படிக்கிறவர்கள் ஓரத்தில் எழுதிய குறிப்புகள் வேறு. ஒரு கதாநாயகனுக்குப் பக்கத்துக்குப் பக்கம் "இவன் சரியான கோழை" என்று இலக்கியா போட்ட குறிப்புக்காகவே அந்தப் புத்தகத்தை மற்ற நாலு வீட்டாரும் படித்தார்கள்.

நிர்வாகத்துக்குக் கோயில் வழக்கத்தையே எடுத்துக்கொண்டார்கள். திருவிழாவில் நாளுக்கொரு வீட்டு மண்டகப்படி மாதிரி, இங்கே மாதத்துக்கு ஒரு வீட்டு முறை. முறைக்காரர் கையில்தான் சாவி. புதுப் புத்தகம் சேர்ப்பது, பிழை திருத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. முறை முடிந்ததும் மண்டபத்தைக் கூட்டிவிட்டுச் சாவியை ஒப்படைப்பது போல, நூலகத்தையும் கூட்டிவிட்டுத்தான் ஒப்படைக்க வேண்டும். இரண்டு தடவை ஏறியது, பாதியில் நின்றது எல்லாவற்றையும் அழிப்பதற்குப் பெயர் கூட்டுவது.

இன்று ஒன்றாம் தேதி. பீட்டர் முறை முடிந்து மணிமேகலை முறை தொடங்கும் நாள். எட்டே முக்காலுக்கு, கூட்டியாச்சு, சாவி கைமாறியாச்சு என்று பீட்டர் குரூப்பில் போட்டார். ஒன்பதேகாலுக்கு இலக்கியா கேட்டாள், நூலகத்தில் ஒரு புத்தகமும் இல்லையே என்று. மொத்தமும் துடைத்திருந்தது. அழித்தவை போய் விழும் குப்பைத் தொட்டியாவது முப்பது நாள் வைத்திருக்கும். அதையும் யாரோ சுத்தமாகக் கொட்டியிருந்தார்கள்.

பாவம் பீட்டர். ஏழு புத்தகத்தைத்தான் அழித்ததாக அவருக்கு ஞாபகம். ஆனாலும் விரல் எங்கேயாவது தவறிப் பட்டிருக்கும், நான்தான் பாவி, மன்னிச்சிருங்க என்று எழுதினார். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம், அவருடைய அப்பா கைப்பட எழுதிய ஏடு, அதுவும் அந்த நூலகத்தில்தான் இருந்தது. அவர் தட்டி முடித்த ஆறாவது மாதம் மூல ஏட்டைக் கரையான் தின்றுவிட்டது.

அந்த மன்னிப்புக்கு மணிமேகலை பதில் போடவில்லை. பதில் போட நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு லேப்டாப்பைப் பையில் திணித்தாள்.

பொதுக் கணக்கில் அழிந்தது, நெட்டைப் பார்க்கிற எல்லா மெஷினிலும் தானாக அழியும். பீட்டர், இலக்கியா, பெரியகருப்பன் எல்லாருடையதும் எந்நேரமும் நெட்டில் கிடப்பவை. பத்தே நிமிஷத்தில் வழித்து எடுத்தாயிற்று. நெட்டைப் பார்க்காத மெஷின் ஒன்றே ஒன்றுதான். உடையப்பனின் டேப்.

மனிதர் டேட்டாவை மஞ்சள்பை முடிச்சு மாதிரி இறுக்கிப் பிடிப்பவர். போனை பீரோவில் வைத்துப் பூட்டி, பூஜை முடித்து, சரியாகப் பதினோரு மணிக்குத்தான் எடுப்பார். போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டால்தான் டேப்புக்கு நெட். இன்னொரு குணமும் உண்டு. ஆளுக்கு மூன்று புத்தகம், படித்ததும் திருப்பி விட வேண்டும் என்பது நூலக விதி. அவர் நாலு வருஷமாக எடுத்தது எதையும் திருப்பவில்லை. புதுசு ஏறின அன்றைக்கே இறக்கி வைத்துக்கொள்வார். கேட்டால், சாமான் வீட்டில் இருக்கிறது வீட்டுக்கு அழகு என்பார்.

அதற்காகத்தான் போன வாரம் அவருக்கு நோட்டீஸ் போனது. பொதுச் சொத்துக்கு ஊறு செய்யும் வீடு நூலகத்தை விட்டு விலக வேண்டும் என்ற விதிப்படி, ஒன்றாம் தேதி முதல் தாங்கள் நீக்கம். விதியை எழுதியது மணிமேகலை. நோட்டீஸில் கையெழுத்தும் அவளுடையதுதான்.

திருமயம் கோட்டையைத் தாண்டும்போது மணி பத்து முப்பத்தைந்து. கிளம்புமுன் உடையப்பனின் மனைவி தனலட்சுமி ஆச்சியைப் போனில் பிடித்துப் பார்த்தாள். ஆச்சி சென்னையில் மகள் வீட்டில் இருந்தார். நான் கூப்பிட்டாலும் பதினோரு மணிக்குத்தான் எடுப்பாக என்று சிரித்தார். பக்கத்து வீடுகள் நாலும் பூட்டு. ஓடிப்போய்ச் சொல்லக்கூட ஆளில்லாத தெரு.

உடையப்பன் ஊருக்குத் திரும்பும் ரோட்டில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு நிமிஷம், மூன்று, ஐந்து. தண்டவாளத்தில் ஒரு காக்கா உட்கார்ந்து அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது. எட்டாவது நிமிஷம் ரயில் வந்து, சாவகாசமாகப் போனது.

பத்து ஐம்பத்திரண்டு. தேக்குக் கதவை இரண்டு கையாலும் தட்டினாள். உள்ளேயிருந்து சத்தமில்லை. அந்த வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவே இரண்டு முற்றம். முன்னால் வெடி வைத்தாலும் பின்னால் கேட்காது. மறுபடி வண்டியை உதைத்து, தெருவைச் சுற்றி, பின்வாசலில் போய் நின்றாள். கதவு திறந்துதான் இருந்தது.

பத்து ஐம்பத்தொன்பது.

அடுத்த முற்றத்துத் தூண் ஓரம் உடையப்பன் நின்றார். நெற்றி நிறைய விபூதி. கையில் போன். திரையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஊஞ்சலில் கிடந்தது டேப். அதன் தலைப்பகுதியில் நெட்டைத் தேடும் சின்ன வட்டம் சுழல ஆரம்பித்திருந்தது.

டேப்பைத் தூக்கினாள். நெட்டை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். விரலெல்லாம் வியர்வை, திரை கேட்கவில்லை. இன்னொரு தரம் அழுத்தினாள். வட்டம் சுழன்றது. யோசிக்க நேரமில்லை. டேப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வந்த வழியே ஓடினாள்.

"ஏ ஆத்தா, பட்டப்பகல்ல திருட்டா?" என்று பின்னால் உடையப்பன் குரல். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் ஓடிவந்தார்.

"போனோட வராதீங்கண்ணே. அதை அங்கிட்டே போட்டுட்டு வாங்க."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, மனிதர் போனைத் திண்டில் வைத்துவிட்டார். அடுக்களை தாண்டி, கிணற்றடி தாண்டி, தெருவும் தாண்டி எதிர் வேப்பமரத்தடியில் போய்த்தான் அவள் நின்றாள். அவ்வளவு தூரம் ஹாட்ஸ்பாட் எட்டாது. துப்பட்டாவில் விரலைத் துடைத்து ஏரோப்ளேன் மோடைப் போட்டுவிட்டு, ஒற்றைக் கண்ணால் எண்ணிக்கையைப் பார்த்தாள்.

347.

ஒன்றுகூடக் குறையவில்லை. மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

மூச்சு வாங்க வந்து நின்ற உடையப்பனிடம் நடந்ததைச் சொன்னாள். நூலகம் காலியானது, எல்லா வீட்டிலும் துடைத்துவிட்டது, இந்த டேப் ஒன்றுதான் மிச்சம் என்று. அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல ஏறியது. அவசரப்படவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"அப்ப நீக்கப்பட்டவன் டேப்பைத் தொட ஒனக்கு என்ன ரைட்டு ஆத்தா?"

"ரைட்டு இல்லண்ணே. கேட்டுக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

"நோட்டீஸு எப்படி வந்துச்சோ, அப்படியே திரும்பிப் போகணும். அதே மாதிரி தலைப்பு போட்டு, கையெழுத்து போட்டு. நான் வாசிச்சுப் பாத்துட்டுத்தான் ஒயரைக் குத்தலாம்."

உள்ளே வந்து ஊஞ்சலில் உட்கார்ந்து லேப்டாப்பில் தட்டினாள். எடுத்ததைத் திருப்பித் தராத குணத்தினாலேயே நூலகத்தைக் காப்பாற்றியவர் என்ற முறையில் உடையப்பன் வீடு மீண்டும் சேர்க்கப்படுகிறது என்று எழுதினாள். அவர் கண்ணாடியை மாட்டி, தலையாரி தண்டோரா போடுகிற குரலில், யாருமில்லாத இரண்டு முற்றத்துக்கும் கேட்கும்படி வாசித்தார். "குணத்தினாலேயே" என்கிற இடத்தை இரண்டு தடவை வாசித்தார். பிறகுதான் ஒயரைக் கொடுத்தார்.

புத்தகங்கள் லேப்டாப்பில் இறங்கின. கூடவே பென் டிரைவில் ஒரு பிரதி, அவர் கேட்டுக்கொண்டபடி பீரோவில் வைக்க இன்னொன்று. பாஸ்வேர்டை மாற்றி, பொதுக் கணக்கில் ஒவ்வொன்றாக ஏற்றினாள். நெட்டுக்கு உடையப்பன் தன் ஹாட்ஸ்பாட்டையே தந்தார். நாலு வருஷத்தில் அவர் ஒரே நாளில் இவ்வளவு டேட்டா செலவழித்ததில்லை.

பன்னிரண்டரைக்கு மணிமேகலையின் போன் கிணுகிணுக்கத் தொடங்கியது. கோழை திரும்பி வந்துட்டான் என்று இலக்கியா. குவைத்திலிருந்து பெரியகருப்பன் வண்டி ஹாரனை விடாமல் அடித்து ஒலிப்பதிவு அனுப்பியிருந்தான். கடைசியாகப் பீட்டர். இரண்டே வார்த்தை. "அப்பா வந்துட்டார்."

அதைப் படித்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். காலையில் அவர் எழுதிய மன்னிப்பைத் தேடி எடுத்து இன்னொரு தரம் படித்தாள்.

உடையப்பன் மோர் கொண்டுவந்து வைத்தார். வெற்றிக் களை அவருக்கு அடங்கவில்லை. ஊஞ்சலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே என்று ஆரம்பித்தார்.

"திருப்பிக் குடுக்காதவனுக்கே நோட்டீஸு. தொட்டியோட கொட்டினவருக்கு? பீட்டர் வாத்தியாருக்கு எப்ப அடிக்கப்போற?"

மணிமேகலை மோரை ஒரே மடக்கில் குடித்தாள். புத்தகம் முழுசாகத் திரும்பியாயிற்று. இனி பயப்பட ஒன்றும் இல்லை.

"இப்பவே அடிக்கிறேண்ணே. நீங்களே வாசிங்க. குரூப்புக்கு ஒலிப்பதிவாவே போகட்டும்."

அதே தலைப்பு, அதே விதி எண். கையெழுத்துப் போட்டு லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, போனில் பதிவை ஆன் செய்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். உடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதே தண்டோராக் குரலில் தொடங்கினார்.

"பீட்டர் சார் அழித்தது, இரண்டு தடவை ஏறியிருந்த ஏழு புத்தகங்களை மட்டுமே. அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. கடைக் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று, அதில் இருப்பது மட்டும்தான் போகும் என நினைத்து, இன்று காலை ஒன்பது பத்துக்கு மொத்த நூலகத்தையும் கூட்டி, குப்பைத் தொட்டியையும் கொட்டியது..."

குரல் நின்றது. கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் பார்வையை விலக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தாள், வாசிங்க என்று.

"...இந்த மாத முறைக்காரி, மணிமேகலை."