பக்கத்து அறையில் ஒருவர்

மேடை ஏறுவதற்கு முன் காலர் மைக் மாட்டிவிட வந்தவரின் முகத்தை அவள் பார்க்கவில்லை. கையிலிருந்த தாள்களில்தான் கண் இருந்தது. "ஒயரை உள்பக்கமா விட்டுக்கம்மா" என்ற குரல் பழகியதாக இருந்தது. நிமிர்ந்தாள். கணவனின் அண்ணன், அவள் பெரியத்தான் என்று கூப்பிடுகிறவர்.

அவரும் அப்போதுதான் அவளை அடையாளம் கண்டிருக்க வேண்டும். கிளிப்பைப் பிடித்திருந்த விரல்கள் அப்படியே நின்றன. பிறகு அதை அவள் கையில் கொடுத்துவிட்டு, அரங்கின் கோடியிலிருந்த ஒலி மேசைக்குத் திரும்பிப் போனார்.

கணவன் வீட்டை விட்டு அவள் வெளியேறி இரண்டு வருடம் இருக்கும். தொலைவில் வேறொரு ஊரில், பெண்கள் விடுதியில் தங்கி, மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை பார்த்தாள். கூடப் பிறந்த தங்கைக்குக்கூட முகவரி தெரியாது. அவள் கணவன் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்று, எங்கே இருந்தாலும் தேடிப் பிடிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவன் சொன்னதைச் செய்கிறவன் என்பது அவளுக்குத் தெரியும்.

கடையில் சாப்பாட்டு வேளையில், மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் நாவலை எழுதினாள். இவ்வளவு பொடி எழுத்தாக எழுதினால் படிக்கிறவர்கள் எல்லோரும் நம்மிடம்தான் கண்ணாடி வாங்க வருவார்கள் என்று முதலாளி கேலி செய்வார். எழுத்தாளர் மாநாட்டுக்குப் புனைபெயரில்தான் அனுப்பினாள். புதியவர்கள் சிலருக்குத் தங்கள் எழுத்தை மேடையில் வாசிக்க வாய்ப்பு என்று அறிவித்திருந்தார்கள். அவளும் தேர்வானாள். இந்த நகரத்தில் தன்னைத் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது என்று நினைத்துத்தான் பஸ் ஏறினாள்.

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை இப்போது குனிந்து பார்த்தாள். மேலே புனைபெயர். கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், அவள் ஊர். சட்டென்று அட்டையைத் திருப்பிப் போட்டாள். அவர் படித்திருப்பாரா? மைக் மாட்ட வந்தவர் நெஞ்சுக்கு நேரேதானே நின்றார்.

மேடையில் ஒரு கவிஞர், கவிதையைவிட நீளமாக அதற்கு முன்னுரை சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஒருங்கிணைப்பாளரிடம் போய், தலை சுற்றுகிறது, தன்னை விட்டுவிடுங்கள் என்று கேட்டாள். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்து, முதல் தடவை எல்லோருக்கும் அப்படித்தான், ஏறி நின்றால் சரியாகிவிடும் என்றார். பதிப்பகத்துக்காரர்கள் இந்த அமர்வுக்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். அதற்குள் அவள் பெயரை அழைத்துவிட்டார்கள்.

பையில் இன்னொரு கதையும் இருந்தது. கடைக்கு வரும் வாடிக்கையாளர்களைப் பற்றிய தமாஷான கதை, யாருக்கும் கெடுதல் இல்லாதது. அதைத்தான் நாவல் தாள்களுக்கு மேலே வைத்துக்கொண்டு ஏறினாள். முதல் வரியை வாசிக்க வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. அரங்கின் கோடியில் பெரியத்தான் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு தூரம் ஓடி வந்தும் அந்த வீட்டு ஆளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டால், இனி எந்த ஊரில் போய்ப் பேசுவது என்று நினைத்தாள். அந்தக் கதையை அடியில் வைத்துவிட்டு நாவலை மேலே எடுத்தாள்.

கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒருவன் தன் மனைவியை அடிக்கும் அத்தியாயம் அது. பக்கத்து அறையில் ஒருவர் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் அலறுவது கேட்டதும் அவர் எழுந்து வரவில்லை. டிவியின் சத்தத்தைக் கூட்டிவைக்கிறார்.

அந்த இடம் வந்தபோது அவள் ஒலி மேசைப் பக்கம் பார்த்தாள். பெரியத்தானின் விரல் அதன் பொத்தான்மேல் இருந்தது. இதோ நிறுத்திவிடுவார், குரல் செத்துவிடும் என்று ஒவ்வொரு வரிக்கும் காத்திருந்தாள். குரல் நிற்கவில்லை. கடைசி வார்த்தை வரைக்கும் அரங்கம் முழுக்கக் கேட்டது.

கைதட்டல் மெதுவாகத்தான் தொடங்கியது. முன்வரிசையிலிருந்து பதிப்பகத்து அம்மாள் ஒருவர் எழுந்து அவளை நோக்கி வந்தார். அதற்குள் மேடையின் பக்கவாட்டுப் படியில் பெரியத்தான் நின்றிருந்தார். மைக்கைக் கழற்றுவது போலக் குனிந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"இங்க நிக்காதம்மா. அவன் கீழ வண்டியில இருக்கான். இப்ப என்கூடத்தான் வேலை பாக்கறான்."

அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒயர் சுத்தணும்னு மேல கூப்பிடறேன். லிஃப்ட்லதான் வருவான். நீ பின்பக்கப் படியில இறங்கிடு. மொதல்ல அந்த அட்டையைக் கழட்டு, ஊர் பேர் போட்டிருக்கு."

அப்படியானால் படித்துவிட்டார். தம்பியின் கையிலேயே கொண்டுபோய் விடுவதற்குத்தான் இந்தப் பின்படியோ என்று அவளுக்குத் தோன்றியது.

"உங்கள நான் எப்படி நம்பறது பெரியத்தான்?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நம்புன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல. சத்தத்தைக் கூட்டினது நான்தானே."

அவள் எதிரிலேயே போனை எடுத்துத் தம்பியை மேலே வரச் சொன்னார். "வரேன், வரேன்" என்று மறுமுனையில் அலுத்துக்கொண்ட குரல் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. இரண்டு வருடம் கழித்துக் கேட்ட குரல். அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

லிஃப்ட் கீழிருந்து கிளம்பும் சத்தம் கேட்கும்வரை அசையாமல் நின்றாள். பிறகு இறங்கினாள். செருப்புச் சத்தம் சுவரில் மோதித் திரும்பியபோதெல்லாம் பின்னால் யாரோ வருவதாகத் தோன்றியது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று எட்டிப் பார்த்துவிட்டே அடுத்த படியில் கால் வைத்தாள். கீழே கதவைத் தள்ளினால், எதிரிலேயே ஒலிபெருக்கிப் பெட்டிகள் ஏற்றும் வண்டி. ஓட்டுகிற இருக்கையில் யாரும் இல்லை. கதவு சரியாகச் சாத்தப்படாமல் இருந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. வண்டியை ஒட்டியே நடந்து, தெருவுக்கு வந்து, எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் முதலில் வந்த பஸ்ஸில் ஏறினாள்.

அதற்குப் பிறகு கடைக்கதவு திறக்கும்போதெல்லாம் லென்ஸைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பெரியத்தானுக்கு இப்போது ஊர் தெரியும். ஒரு தடவை உதவி செய்தவர் வாயை எப்போதும் அடக்கிக்கொள்வார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஆனால் அவன் வரவில்லை. வந்தது பதிப்பகத்து அம்மாளின் செய்திதான். ஏன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டீர்கள், மீதியையும் படிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

பதில் எழுத அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. புத்தகத்தில் தன் படமோ ஊரோ வரக் கூடாது என்று எழுதி, மீதி அத்தியாயங்களையும் சேர்த்து அனுப்பினாள். அந்த மாதமே விடுதியை மாற்றிக்கொண்டாள். கடை முதலாளியிடம் மட்டும் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னாள். அன்று அவர் கேலி எதுவும் செய்யவில்லை. வாசல் பக்கம் இருந்த தன் மேசையை, உள்ளே வருகிறவர்கள் முகம் முதலில் தனக்குத் தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார்.